வன்னியா, வேலிகாத்தானா, வெள்வேலமா? ஜேசிபி வருவதற்கு முன் எடுக்க வேண்டிய முடிவு

ஷார்ஜாவில் வேலை பார்க்கும் என் சித்தப்பா மகன் போன தை மாதம் ஒரு படம் அனுப்பினான். மணல்மேட்டில் தன்னந்தனியாக ஒரு மரம். "அண்ணா, இங்க இதுக்குப் பேரு காஃப். இந்த நாட்டோட மரமாம். நம்ம கொல்லை வரப்புல ஒண்ணு நிக்குதே, அச்சா அதே மாதிரி இல்ல?" என்று கேட்டிருந்தான்.

அந்த வாரம்தான் சித்தப்பா குடியாத்தத்துக்கும் பேரணாம்பட்டுக்கும் நடுவில் இருக்கிற எங்கள் மூன்று ஏக்கர் மல்லாட்டை (நிலக்கடலை) கொல்லையைச் சுத்தம் செய்ய ஜேசிபி பேசி வைத்திருந்தார். நாலைந்து வருடமாகப் பயிர் வைக்காமல் விட்டதில் வேலிகாத்தான் மண்டிக் கிடந்தது. வேலிகாத்தான் என்று எங்கள் பக்கம் சொல்வது சீமைக்கருவேலத்தைத்தான். வரப்பில் நிற்கும் அந்த மரத்தைப் பற்றி நான் பேச்சை எடுத்ததும், "இன்னாடா ஆராய்ச்சி பண்ற? முள்ளு மரம்னா முள்ளு மரம்தான். மணிக்கணக்குல வாடகை ஓடும், எல்லாத்தையும் சேர்த்துத் தள்ளிடலாம்" என்றார்.

அவர் சொன்னதில் தப்பில்லை என்றுதான் யாருக்கும் தோன்றும். தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்று மாதிரிதான் இருக்கும். பொடி இலை, முள், சாம்பல் பச்சை, கீழே நெற்றுக் குப்பை. ஆனால் எனக்கு மனம் ஒப்பவில்லை. சில வருடங்களுக்கு முன் பக்கத்து ஊர் ஏரிக்கரையில் வேலிகாத்தான் எடுத்தபோது அதோடு ஒரு பெரிய வன்னியும் போய்விட்டது. நான் போய்ப் பார்த்தபோது அடிக்கட்டை மட்டும்தான் இருந்தது. அதை ஒரு ஆள் கட்டிப்பிடிக்க முடியாது. ஊரில் பெரியவர்கள் விஜயதசமிக்கு அந்த மரத்தில்தான் இலை பறித்திருக்கிறார்கள். வெட்டினவர்களுக்கு அது வேறு மரம் என்றே தெரியவில்லை. அப்படி இன்னொரு மரம் போகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்து மானாவாரி நிலத்தில் ஒன்றுக்கொன்று மாற்றிப் பார்த்து ஏமாறக் கூடிய மரங்கள் ஐந்து: வன்னி, வேலிகாத்தான், கருவேலம், வெள்வேலம், விடத்தலை. ஐந்துமே அவரை, துவரை, மல்லாட்டை எல்லாம் சேர்ந்த பயறு குடும்பம்தான். ஐந்துக்கும் இலைக்காம்பிலிருந்து சின்னச் சின்னக் கிளைக்காம்புகள் பிரிந்து, அவற்றின் இருபுறமும் பொடி இலைகள் வரிசையாக இருக்கும். வெயில் ஏறினால் நீர் இழக்காமல் இருக்க இந்தப் பொடி இலை உதவும். கொடுக்காப்புளியும் இதே குடும்பம்தான், ஆனால் அதை யாரும் மாற்றிப் பார்க்க மாட்டார்கள். ஒரு காம்புக்கு நாலே நாலு இலைதான், சுருள் காயும் குழந்தைகளுக்குக்கூடத் தெரியும்.

முள்ளை எங்கே தேடுவது

ஒரே ஒரு அடையாளத்தைத்தான் நம்பலாம் என்றால் நான் முள்ளைச் சொல்வேன். முள் எவ்வளவு நீளம் என்பதைவிட எந்த இடத்தில் முளைத்திருக்கிறது என்பதுதான் முக்கியம்.

வேலிகாத்தானின் இளங்கொம்பு ஒன்றைப் பிடித்துப் பாருங்கள். இலை கிளம்பும் இடம் கணு. முள் அந்தக் கணுவில்தான் இருக்கும், பெரும்பாலும் இரண்டிரண்டாக, சில கணுக்களில் ஒற்றையாக. இரண்டு கணுவுக்கு நடுவில் தண்டு வழவழவென்று இருக்கும். கொம்பே கணுவுக்குக் கணு வளைந்து, வலதும் இடதுமாக நெளிந்து போகும். கருவேலமும் வெள்வேலமும் அதே கணக்குதான், கணுவுக்கு இரண்டு முள். கருவேலத்தில் வெள்ளையாக, நேராக, ஊசி போல் நீளமாக இருக்கும்.

வன்னியில் இந்தக் கணக்கே இல்லை. முள் கணுவை விட்டுவிட்டு, இரண்டு கணுவுக்கு நடுவில், தண்டின் தோலில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறியிருக்கும். ஜோடி கிடையாது. அடி அகலமாகவும் நுனி கூராகவும், சின்னதாக, கூம்பு போல இருக்கும். ரோஜாச் செடியின் முள்ளை நினைத்துக்கொள்ளுங்கள், அது கொஞ்சம் நிமிர்ந்து நின்றால் எப்படி இருக்குமோ அப்படி. எங்கள் வரப்பு மரத்தின் கொம்பை நான் கையில் எடுத்தபோது விரலில் முதலில் பட்டது இதுதான். கணுவில் குத்தும் என்று ஜாக்கிரதையாகப் பிடித்தேன், அங்கே ஒன்றும் இல்லை. நடுத்தண்டில் விரல் நகர்ந்ததும் குத்திவிட்டது.

விடத்தலைக்கு முள் இன்னொரு விதம். பக்கவாட்டில் கிளம்பும் குட்டைக் கிளையே நுனியில் கூராகி முள்ளாக மாறியிருக்கும். சில சமயம் அந்த முள்ளின் மேலேயே இலை இருக்கும். அதைப் பார்த்துவிட்டால் அப்புறம் சந்தேகமே வராது. பூத்திருந்தால் இன்னும் சுலபம், ஒரே பூங்கொத்தில் பாதி இளஞ்சிவப்பு, பாதி மஞ்சள். இந்த ஐந்தில் இரட்டை நிறப் பூ அதற்கு மட்டும்தான்.

ஒரு எச்சரிக்கை. வயதான வன்னியின் மேல்கிளைகளில் முள் ரொம்பக் குறைவாக இருக்கும், சில கிளைகளில் அறவே இருக்காது. வேலிகாத்தானிலும் முள் இல்லாத மரங்கள் உண்டு. அதனால் முள் கண்ணில் படவில்லை என்றால் அதை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். அடியில் புதிதாகத் துளிர்த்த கொம்பைத் தேடிப் பிடியுங்கள்.

இலை, நெற்று, பட்டை

இலையை வைத்து ஐந்தையும் முதலில் இரண்டு கூட்டமாகப் பிரிக்கலாம். ஒரு இலைக்காம்பில் எத்தனை ஜோடிக் கிளைக்காம்பு என்று எண்ணுங்கள். ஒன்றிலிருந்து மூன்று ஜோடிக்குள் என்றால் வன்னி அல்லது வேலிகாத்தான். பெரும்பாலும் இரண்டு ஜோடிதான் இருக்கும். ஐந்து, ஆறு, பத்து என்று போனால் கருவேலம், வெள்வேலம் அல்லது விடத்தலை. கருவேலத்தில் சில இலைகளுக்கு மூன்று ஜோடியும் இருக்கும் என்பதால் ஒரு இலையோடு விடாமல் பத்து இலையாவது எண்ண வேண்டும்.

வன்னியையும் வேலிகாத்தானையும் இலையை வைத்துப் பிரிப்பது கொஞ்சம் சிரமம். வேலிகாத்தானின் பொடி இலை நீளமாக, ஒல்லியாக, பளிச்சென்ற பச்சையாக, ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு இருக்கும். வன்னியின் இலை அதைவிடக் குட்டை, சாம்பல் பூத்த பச்சை. உற்றுப் பார்த்தால் நடு நரம்பு இலையைச் சரிபாதியாகப் பிரிக்காமல் ஒரு பக்கம் ஒதுங்கி ஓடும். ஆனால் நிழலில் வளர்ந்தது, ஆடு கடித்துத் துளிர்த்தது, மழைக்குப் பிறகு தழைத்தது என்று இலையின் அளவு மாறிக்கொண்டே இருக்கும். முள்ளுக்கு அடுத்த சாட்சியாக மட்டும் இலையை வைத்துக்கொள்வது நல்லது.

நெற்று கிடைத்தால் வேலை பாதி முடிந்த மாதிரி. கருவேல நெற்று மணி மணியாக, விதைக்கு விதை இறுகி, சாம்பல் நிறக் காசுமாலை போல இருக்கும். வெள்வேலத்தின் நெற்று தட்டை, லேசான வளைவு. வேலிகாத்தானுடையது தடித்த, மஞ்சளான, இனிப்புச் சதை கொண்ட நெற்று. ஆடும் மாடும் ஆசையாகத் தின்னும், அதில்தான் வம்பே இருக்கிறது. வன்னியின் நெற்று மெலிந்து, உருண்டு, கொத்தாகத் தொங்கும். பென்சிலைவிட மெல்லியது. ராஜஸ்தானில் இதைத்தான் பிஞ்சிலேயே பறித்து உலர்த்தி, சாங்கிரி என்று பேர் வைத்துக் கறி சமைக்கிறார்கள்.

பூவைப் பொறுத்தவரை ஒரு வரி போதும்: உருண்டையான மஞ்சள் பந்து என்றால் கருவேலம், வெளிறிய சின்னப் பந்துகள் பெரிய கொத்தாகக் கிளை நுனியில் இருந்தால் வெள்வேலம், பூனை வால் மாதிரி நீண்ட கதிர் என்றால் வன்னி அல்லது வேலிகாத்தான்.

பட்டையில் வெள்வேலம் தன் பேரைத் தானே சொல்லிவிடும், அடிமரம் வெளுத்திருக்கும். கருவேலம் கறுத்திருக்கும். வன்னியின் பட்டை சாம்பல் நிறத்தில், நீளவாக்கில் ஆழமாக வெடித்து, பிளந்த நிலம் மாதிரி இருக்கும். இன்னொன்றும் பார்த்தேன். எங்கள் மரத்தில் கோலிக்குண்டு மாதிரி உருண்டை உருண்டையாகக் காய்ந்த முடிச்சுகள் தொங்கின. காய் என்றுதான் முதலில் நினைத்தேன். உடைத்தால் உள்ளே விதை இல்லை, மரத்தூள் மாதிரி கெட்டியாக இருந்தது. பொடிப் பூச்சிகள் முட்டையிட்டுத் துளைத்ததில் மரம் புடைத்து உண்டாக்கும் கழலைகள் அவை. வன்னியில் இது சர்வ சாதாரணம். கோயில் வன்னிகளை அண்ணாந்து பார்த்தவர்கள் கண்டிருப்பார்கள்.

யாரைக் கேட்டு முடிவு செய்வது

முடிவு செய்ய எனக்கு நாலு வழி இருந்தது. முதலாவது செல்போன் செயலி. ஒரே மரத்தை மூன்று கோணத்தில் படம் எடுத்துக் கொடுத்தேன். இரண்டு முறை வேலிகாத்தான் என்றது, ஒரு முறை வன்னி என்றது. நான் கொடுத்தது இலைப் படம், இலையில்தான் இரண்டும் ஒன்றுபோல இருக்கின்றன. கணுவும் முள்ளும் தெளிவாகத் தெரியும்படி கிட்டத்தில் எடுத்த படத்தை வைத்துப் பார்த்தால் பதில் தேறலாம். ஆனால் மரத்தை வெட்டுவதா விடுவதா என்ற முடிவைச் செயலியின் கையில் கொடுக்க நான் தயாரில்லை.

இரண்டாவது, ஆடு மேய்ப்பவர்கள். இவர்கள் சொல்வதற்கு நான் அதிக மதிப்புக் கொடுக்கிறேன். வேலிகாத்தானின் தழையை ஆடு சீண்டாது, நெற்றை மட்டும்தான் பொறுக்கும். வன்னித் தழையை எட்டிப் பிடித்துத் தின்னும். எங்கள் கொல்லைப் பக்கம் ஆடு ஓட்டி வரும் அம்மா அந்த மரத்தைப் பார்த்ததும், "இது ஜம்மி, ஆட்டுக்கு நல்லது" என்றார். குடியாத்தம் பக்கம் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள் நிறையப் பேர். தெலுங்கில் வன்னிக்கு ஜம்மி என்று பேர், தெலங்கானாவின் மாநில மரமும் அதுவே. இங்கே தமிழ்ப் பேரை மட்டும் சொல்லிக் கேட்டால் சிலருக்குப் புரியாது. இரண்டு பேரையும் சொல்லிக் கேளுங்கள்.

மூன்றாவது, சந்தேகமே இல்லாத ஒரு வன்னியைப் போய்ப் பார்த்துவிட்டு வருவது. விருத்தாசலத்தில் விருத்தகிரீசுவரர் கோயிலிலும் திருவான்மியூரில் மருந்தீசுவரர் கோயிலிலும் தல மரம் வன்னிதான். அவ்வளவு தூரம் போக வேண்டாம், நம் ஊர்களில் அரசும் வேம்பும் நிற்கும் பிள்ளையார் மேடைகளிலும் சில இடங்களில் வன்னி உண்டு. கீழே விழுந்து கிடக்கும் ஒரு சின்னக் கொம்பை எடுத்து வந்து உங்கள் கொல்லை மரத்தின் கொம்போடு சேர்த்து வைத்துப் பாருங்கள். பத்துப் படம் பார்ப்பதைவிட அது மேல்.

நாலாவது, விரிஞ்சிபுரத்தில் இருக்கும் வேளாண் அறிவியல் நிலையம். இலை, முள், நெற்று, முடிந்தால் பூ, எல்லாம் இருக்கிற கொம்பாக ஒடித்து, செய்தித்தாளுக்கு நடுவில் வைத்து மடித்து எடுத்துப் போக வேண்டும். வெறும் இலையை உருவிக்கொண்டு போனால் யாராலும் எதுவும் சொல்ல முடியாது.

என் தேர்வு இரண்டாவதும் மூன்றாவதும் சேர்ந்தது. அதிலும் சந்தேகம் தீரவில்லை என்றால்தான் நாலாவது. எந்த வழியில் போனாலும், பதில் வரும் வரை மரத்தில் ஒரு மஞ்சள் துணியைக் கட்டிவிடுங்கள். நம் ஊரில் மஞ்சள் துணி கட்டிய மரத்தில் எந்த ஓட்டுநரும் இயந்திரத்தை வைக்க மாட்டார். நான் அதைத்தான் செய்தேன். சித்தப்பாவும் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

எதை விடுவது, எதை எடுப்பது

வேலிகாத்தான் என்று உறுதியானால் எடுத்துவிட வேண்டியதுதான். இது மத்திய அமெரிக்கா, கரீபியன், தென் அமெரிக்காவின் வடபகுதிகளைச் சேர்ந்த மரம். 1877இல் ஜமைக்காவிலிருந்து விதை வரவழைத்து, அன்றைய சென்னை மாகாணத்தில் கடப்பை மாவட்டத்துக் கமலாபுரம் பக்கம் நட்டார்கள். அப்போது சித்தூர் நம் வட ஆர்க்காட்டோடு இருந்தது, அதற்கு வடக்கே அடுத்த மாவட்டம் கடப்பை. அதாவது இந்த மரம் நாட்டுக்குள் வந்து இறங்கியது நமக்குப் பக்கத்து வீட்டில். விறகுப் பஞ்சம் தீரட்டும், வறண்ட நிலம் மூடட்டும் என்ற எண்ணத்தில் கொண்டு வந்தார்கள், அந்த எண்ணம் நிறைவேறவும் செய்தது. இதன் கரியை நம்பி இன்றும் பல குடும்பங்கள் பிழைக்கின்றன, தேனீக்கும் பூ கிடைக்கிறது. அந்த நியாயத்தையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் பயிர் வைக்கிற கொல்லையில், ஏரி உள்வாயில், பாலாற்று மணலில் இதற்கு இடம் கொடுக்க முடியாது. நெற்றைத் தின்ற மாட்டின் சாணத்தில் விதை முளைக்கும், வேறு செடி தலையெடுக்க விடாது.

எடுப்பதிலும் முறை இருக்கிறது. தரையோடு வெட்டினால் அடுத்த மழைக்குப் பத்துக் கிளையாக வரும். துளிர்க்கும் மொட்டுகள் மண்ணுக்குக் கீழே அடிக்கட்டையில் இருக்கின்றன. ஒரு அடி ஆழமாவது தோண்டி வேரடியோடு எடுக்க வேண்டும். மண்ணில் கிடக்கும் விதை அடுத்தடுத்த மழைக்கு முளைக்கும், அதையும் கையால் பிடுங்கிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு நாள் ஜேசிபி வைத்துவிட்டு மறந்தவர்களின் நிலம் மூன்றே வருடத்தில் பழையபடி ஆகிவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

வன்னி என்றால் விட்டுவிடுங்கள். வெறும் சாமி மரம் என்பதற்காகச் சொல்லவில்லை. பாண்டவர்கள் ஆயுதத்தை ஒளித்து வைத்ததும், விஜயதசமிக்கு இலை பறிப்பதும் நமக்குத் தெரியும். ஆனால் விவசாயிக்கு வேறு காரணம் இருக்கிறது. ஆண்டுக்கு 500 மில்லிமீட்டருக்கும் குறைவாக மழை பெய்யும் தார்ப் பாலைவனத்தில் இந்த மரத்தை வயலுக்கு நடுவிலேயே விட்டு, அதன் அடியில் கம்பு விதைக்கிறார்கள். மரத்தடியில் பயிர் நன்றாகவே வருகிறது. ஆணிவேர் ஆழத்துக்குப் போய்விடுவதால் மேல்மண் ஈரத்துக்குப் பயிரோடு போட்டி போடாது. வேர் முடிச்சில் காற்றிலிருக்கும் தழைச்சத்தைப் பிடித்து வைக்கும், உதிர்ந்த இலை மண்ணுக்கு உரமாகும். மற்றதெல்லாம் காய்ந்து கிடக்கும் கடுங்கோடையில் இது புதுத்தழை விடும். வேலூர் பக்கம் ஆண்டுக்கு 900 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. ராஜஸ்தானில் பிழைக்கிற மரத்துக்கு நம் கத்திரி வெயில் ஒரு பொருட்டே இல்லை.

அங்கே இந்த மரத்துக்காக உயிரையே கொடுத்திருக்கிறார்கள். 1730இல் ஜோத்பூர் அருகே கேஜர்லி கிராமத்தில் அரண்மனை வேலைக்காக வன்னிகளை வெட்ட ஆட்கள் வந்தபோது, அமிர்தா தேவி என்ற பிஷ்னோய்ப் பெண் மரத்தைக் கட்டிப்பிடித்து நின்று உயிர் விட்டார். அவரைத் தொடர்ந்து மொத்தம் 363 பேர் இறந்தார்கள் என்று அந்தச் சமூகம் நினைவில் வைத்திருக்கிறது. இன்று அது ராஜஸ்தானின் மாநில மரம். ஐக்கிய அரபு அமீரகமும் 2008இல் இதே மரத்தைத் தேசிய மரமாக அறிவித்தது, 2019இல் சகிப்புத்தன்மை ஆண்டுக்குச் சின்னமாகவும் வைத்தது. என் தம்பி அனுப்பிய படத்தில் இருந்த காஃப் அதுதான். சொன்னால் நம்ப மாட்டீர்கள், வேலிகாத்தான் அங்கேயும் போய் மண்டியிருக்கிறது, அங்கேயும் இரண்டையும் மாற்றிப் பார்த்துவிடுகிறார்கள்.

தாவரவியலாளர்கள்கூட இரண்டையும் நீண்ட காலம் ஒரே பேரினத்தில்தான் வைத்திருந்தார்கள். 2022இல் அந்தப் பேரினத்தைப் பிரித்தபோது வன்னிக்கு பழைய பேரான புரோசோபிஸ் நிலைத்தது, வேலிகாத்தான் நெல்டுமா என்ற பேருக்குப் போய்விட்டது. பழைய புத்தகத்திலும் பல இணையப் பக்கங்களிலும் இரண்டும் புரோசோபிஸ் என்றே இருக்கும், குழம்ப வேண்டாம்.

கருவேலமும் வெள்வேலமும் வரப்பில் இருந்தால் என் கருத்து, விட்டுவிடலாம் என்பதுதான். நிழல் பயிரை அடித்தால் கிளையைக் கழித்துவிடலாம். விடத்தலை வேலியோரம் நின்றால் நிற்கட்டும், உள்ளே வேர்க்கன்று விட்டுப் பரவினால் எடுக்கலாம். ஏரியிலோ புறம்போக்கிலோ நிற்கும் மரம் என்றால், எந்த மரமாக இருந்தாலும் ஊராட்சியில் கேட்காமல் கை வைக்காதீர்கள்.

சுத்தம் செய்த இடத்தில் எதை வைப்பது

வேலிகாத்தானை எடுத்த இடத்தைச் சும்மா விட்டால் வேலிகாத்தான்தான் திரும்ப வரும். அதனால் அடுத்த கேள்வி தானாகவே வந்துவிடுகிறது.

ஏரிக்கரை, தண்ணீர் தேங்கும் களிமண், ஓடையோரம் என்றால் கருவேலம். சில மாதம் காலடியில் தண்ணீர் நின்றாலும் தாங்கும். 1980களில் சமூகக் காடுகள் திட்டத்தில் நம் ஏரிகளில் இதைத்தான் வரிசையாக நட்டார்கள். ஏரும் வண்டியும் இந்தக் கட்டையில்தான் செய்தார்கள். குரோம் உப்பு வருவதற்கு முன் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை பக்கத்துத் தோல் மண்டிகளில் ஆவாரம் பட்டையோடு கருவேலம் பட்டையும் ஊறிக்கொண்டிருக்கும். பல் துலக்கும் வேலங்குச்சியைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

கல்லாங்காடு, ஆடு மேயும் தரிசு என்றால் வெள்வேலம். காங்கேயம் பக்கத்துக் கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலங்களில் புல்லும் வெள்வேலமும் சேர்ந்துதான் மாடு வளர்க்கின்றன. நெற்று ஆட்டுக்குத் தீனி. பட்டையைச் சாராய ஊறலில் போடுவார்கள் என்பதால் எங்கள் பெரியவர்களுக்கு இந்த மரம் வேறு விதத்திலும் பழக்கம்.

மல்லாட்டை, கேழ்வரகு, துவரை போடும் கொல்லைக்கு உள்ளேயே ஒரு மரம் வேண்டும் என்றால் வன்னிதான், வேறு எதையும் நான் சொல்ல மாட்டேன். ஆனால் பொறுமை வேண்டும். முதல் சில வருடம் மேலே ஒன்றும் தெரியாது, வேர்தான் கீழே போய்க்கொண்டிருக்கும். அந்தக் காலத்தில் ஆடு கடித்தால் புதராகவே நின்றுவிடும். ராஜஸ்தானில்கூட தழை கழிக்கப் பத்து வருடம் காத்திருக்கிறார்கள். இரண்டு வருடத்தில் தழை வேண்டும் என்பவர்கள் வேலியோரம் கிளிரிசிடியா வைத்துக்கொள்ளட்டும், அதோடு இரண்டு வன்னிக் கன்றும் வைக்கட்டும். சவுண்டல் என்கிற சூபாபுல் மரத்தை நான் தவிர்ப்பேன். விதை கொட்டி அதுவும் காடாகிவிடும், ஒரு தொல்லையை எடுத்த இடத்தில் இன்னொன்று எதற்கு.

வன்னி விதையின் ஓடு கெட்டி. கொதித்து இறக்கிய வெந்நீரில் போட்டு, ஆறவிட்டு, ராத்திரி முழுக்க ஊற வைத்து விதைக்க வேண்டும். பை நீளமானதாக இருக்கட்டும். குட்டைப் பையில் ஆணிவேர் சுருண்டுகொண்டால் நிலத்தில் வைத்த பிறகும் நேராகாது. ஆடியிலோ புரட்டாசியிலோ, மண் நனைந்ததும் நடலாம். சுற்றிலும் முள்ளடைப்பு கட்டாயம். அதற்கு வெட்டிப்போட்ட வேலிகாத்தானையே பயன்படுத்தலாம், நெற்றை மட்டும் உதிர்த்துவிட வேண்டும்.

எங்கள் கொல்லையில் மாசிக் கடைசியில் ஜேசிபி வந்து போனது. மஞ்சள் துணி கட்டியவை மூன்று. வரப்பு மரம் வன்னி. கிணற்று மேட்டில் இருந்தது வெள்வேலம். மூன்றாவதை நான் வன்னிக் கன்று என்று நினைத்திருந்தேன். கொம்பை நிதானமாகப் பார்த்தபோது முள் கணுவில் ஜோடியாக இருந்தது, நானே துணியை அவிழ்த்துவிட்டேன். வைகாசியில் வன்னியின் அடியில் நெற்று பொறுக்கினோம். இப்போது வீட்டு வாசலில் பதினொரு பையில் கன்று நிற்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா வந்தபோது சட்டைப் பையிலிருந்து காய்ந்த கொம்பு ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். ஓடையோரம் இன்னொரு மரம் பார்த்தாராம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தண்டை மெல்ல உருட்டி, "இங்க பாரு, கணுவுல ஒண்ணும் இல்ல, நடுவுல இருக்குது" என்று விரலை வைத்துக் காட்டினார்.